க்ரீம் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது? சரும க்ரீம்களின் வகைகளும் செய்முறையும்

வீட்டில் இருக்கும் க்ரீம்களை எல்லாம் ஒரு மேசைக்குக் கொண்டு வாருங்கள். முகத்துக்குப் போடுவது, கைக்குப் போடுவது, போன மார்கழியில் வாங்கிப் பாதியில் மறந்துபோன கோல்டு க்ரீம், எது கிடைத்தாலும் சரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள். பட்டாணி அளவு க்ரீமை அதில் போட்டு ஸ்பூனால் கலக்குங்கள். சில க்ரீம்கள் பாலைப் போலக் கரைந்து தண்ணீரையே வெளுக்க வைத்துவிடும். சில க்ரீம்கள் எவ்வளவு கலக்கினாலும் ரசத்தின் மேல் நெய் மிதப்பதுபோல ஒட்டாமல் நிற்கும்.

டப்பாவின் முகப்பில் குங்குமப்பூ, தங்கம், பப்பாளி என்று என்ன எழுதியிருந்தாலும், அந்த க்ரீம் உங்கள் தோலில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை இந்த டம்ளர் சோதனைதான் உண்மையாகச் சொல்லும். கரைந்தது, தண்ணீருக்குள் எண்ணெய் துளித்துளியாகச் சிதறியிருக்கும் வகை. மிதந்தது, எண்ணெய்க்குள் தண்ணீர் சிதறியிருக்கும் வகை. அல்லது வாசலின் போலத் தண்ணீரே சேராத களிம்பு. காஸ்மெடிக் தயாரிக்கும் சிறு தொழிற்கூடங்களில் பல வருஷம் வேலை பார்த்த பிறகும், புதிதாக ஒரு க்ரீம் கைக்கு வந்தால் நான் முதலில் செய்வது இதைத்தான்.

க்ரீமுக்கு என்ன வேலை

நம் தோலின் ஆக வெளிப்புற அடுக்கு பல இடங்களில் 10 முதல் 20 மைக்ரான் தடிமன்தான். நோட்டுப் புத்தகத் தாளில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அதன் அமைப்பைச் செங்கல் சுவரோடு ஒப்பிடுவார்கள். காய்ந்த தட்டையான செல்கள் செங்கல். செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் மூன்றும் சேர்ந்த கலவை சாந்து. சாந்து உதிர்ந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகும். தோல் வெளிறும், இழுக்கும், வெடிக்கும்.

இந்தச் சுவருக்கு க்ரீம் மூன்று விதமாக உதவலாம். ஈரத்தைப் பிடித்து வைக்கும் பொருள்கள் உண்டு: கிளிசரின், யூரியா, ஹயலூரானிக் ஆசிட். இடைவெளிகளில் புகுந்து வழவழப்பாக்கும் எண்ணெய்கள் உண்டு. மேலே போர்வைபோல மூடி ஈரம் ஆவியாகாமல் தடுப்பவை மூன்றாவது வகை. பெட்ரோலியம் ஜெல்லி, தேன்மெழுகு, சிலிக்கோன் எல்லாம் அதில் சேரும். இந்த மூடுகிற வேலையில் பெட்ரோலியம் ஜெல்லியை மிஞ்ச ஆளில்லை. பார்க்கத்தான் அழகில்லை, பிசுபிசுப்பு வேறு. அந்தப் பிசுபிசுப்பு இல்லாமல் அந்தப் பலனில் பாதியாவது கிடைக்குமா என்று தேடியதில் பிறந்தவைதான் க்ரீம்களில் பெரும்பாலானவை.

பாட்டிமார் கிளிசரினையும் பன்னீரையும் கலந்து பூசினார்களே, அது முதல் வகை வேலையை மட்டும் செய்தது. ஈரத்தைப் பிடித்தது, மூட ஆளில்லை. அதற்கு மேல் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்ட பாட்டிக்கு ஃபார்முலேஷன் தெரிந்திருந்தது!

எண்ணெயும் தண்ணீரும் எப்படிச் சேர்கின்றன

பள்ளிக்கூட வேதியியலில் பால்மம் என்று படித்திருப்போம். தொழிலில் எல்லோரும் எமல்ஷன் என்றுதான் சொல்கிறோம். சமையலறையிலேயே உதாரணம் இருக்கிறது. தேங்காய்ப்பால் ஓர் எமல்ஷன்: தண்ணீருக்குள் எண்ணெய். அதை ஃபிரிட்ஜில் வைத்தால் ராத்திரிக்குள் மேலே கெட்டியாக ஒரு ஏடு நிற்கும். எண்ணெய்த் துளிகள் லேசானவை, மேலே ஏறிவிடுகின்றன. கெட்டுப்போன க்ரீம் டப்பாவில் நடப்பதும் இதேதான்.

இன்னொரு உதாரணம் வெண்ணெய். பாலேட்டில் தண்ணீருக்குள் கொழுப்பு சிதறிக் கிடக்கிறது. கடையக் கடைய ஒரு கட்டத்தில் கொழுப்பெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து, மிச்சத் தண்ணீர் அதற்குள் சின்னத் துளிகளாகச் சிக்கிக்கொள்கிறது. வெண்ணெய் திரளும் அந்த நொடியில் எமல்ஷன் தலைகீழாகிறது. அதே பொருள்கள்தான், ஆனால் பால் ஏட்டைத் தொட்டால் ஒரு உணர்வு, வெண்ணெயைத் தொட்டால் வேறு உணர்வு. எது வெளியே இருக்கிறதோ அதைத்தான் விரல் உணர்கிறது.

இந்த இரண்டையும் பிரியாமல் பிடித்து வைக்கும் தரகர்தான் எமல்சிஃபையர். அதன் மூலக்கூறில் ஒரு முனை தண்ணீரோடு சேரும், மறு முனை எண்ணெயோடு சேரும். எந்தப் பக்கம் அதற்குச் சாய்வு அதிகம் என்பதை எண்ணால் குறிக்கும் முறையை அமெரிக்காவின் அட்லஸ் பவுடர் கம்பெனியில் இருந்த வில்லியம் கிரிஃபின் 1949-இல் கொண்டுவந்தார். எச்எல்பி என்று பெயர். 3 முதல் 6 வரை இருந்தால் எண்ணெய்க்குள் தண்ணீரைப் பிடிக்கும். 8-க்கு மேலே போனால் தண்ணீருக்குள் எண்ணெயைப் பிடிக்கும். புதிதாக க்ரீம் செய்கிறவர்கள் கணக்குப் போட்டுக் களைத்துப்போவது இதில்தான். தொடக்கத்துக்குக் கணக்கே வேண்டாம். கடையில் தயாராகக் கிடைக்கும் ஜோடி எமல்சிஃபையரை வாங்கினால் போதும். கிளிசரைல் ஸ்டியரேட்டும் பெக்-100 ஸ்டியரேட்டும் கலந்த வெள்ளைச் செதில்கள்; அதன் எச்எல்பி 11-ஐ ஒட்டி இருக்கும், முரண்டு பிடிக்காது.

வகைகள்

கோல்டு க்ரீமில் தொடங்குவதுதான் முறை, வயதில் மூத்தது அதுதான். 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் காலன் தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், பன்னீர் மூன்றையும் சேர்த்துச் செய்ததாகச் சொல்வார்கள். அதில் எமல்சிஃபையர் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. தோலில் தேய்த்ததும் தண்ணீர் பிரிந்து ஆவியானது, ஆவியானபோது சில்லென்றிருந்தது. பெயர் அப்படி வந்தது. குளிர்காலத்தில் போடுவதால் வந்த பெயர் என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை.

பின்னாளில் அதில் வெண்காரம், அதாவது போராக்ஸ், சேர்த்தார்கள். வெண்காரம் தேன்மெழுகில் இருக்கும் கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து, அந்த இடத்திலேயே சோப்பாக மாறி, எமல்சிஃபையர் வேலையைச் செய்கிறது. பழைய ஃபார்முலா எளியது: தேன்மெழுகு 16, லிக்விட் பாராஃபின் 50, தண்ணீர் 33, வெண்காரம் 1. வெண்காரம் மெழுகின் எடையில் 5 அல்லது 6 சதவீதம் இருந்தால் போதும். கூடினால் க்ரீமில் மணல்போல நறநறக்கும். மேக்கப் கலைக்க இதைவிட நல்லது கிடையாது, ஆனால் குழந்தைகளுக்கும் வெடிப்புள்ள தோலுக்கும் வெண்காரம் ஆகாது.

அதற்கு நேர் எதிர் வானிஷிங் க்ரீம். பூசினதும் மறைந்துவிடும், அதனால் அந்தப் பெயர். இதன் சூட்சுமம் ஸ்டியரிக் ஆசிட். 15 முதல் 20 சதவீதம் ஸ்டியரிக் ஆசிட் எடுத்து, அதில் ஏறக்குறைய கால்வாசியை மட்டும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடாலோ ட்ரைஎத்தனோலமைனாலோ சோப்பாக்குவார்கள். மீதி மெல்லிய படலமாகத் தோலில் படிந்து பளபளப்பில்லாமல் தெரியும். செய்த க்ரீமை ஓரிரு நாள் வைத்திருந்தால் முத்துப்போல ஒரு மினுமினுப்பு வரும். அது ஸ்டியரிக் ஆசிட் படிகமாவதால் வருவது. வாங்குகிறவர்கள் அதைப் பார்த்து முத்துப்பொடி சேர்த்திருப்பதாக நினைப்பதுண்டு, விற்பவர்களும் மறுப்பதில்லை.

நம் நாட்டில் இந்த ரகத்தில் பேர்போனது ஆப்கான் ஸ்னோ. இ.எஸ். பாட்டன்வாலா 1919-இல் பம்பாயில் தொடங்கியது. ஆப்கானிஸ்தான் மன்னர் பார்த்துவிட்டு எங்கள் ஊர்ப் பனிபோல இருக்கிறதே என்றாராம், பெயர் அப்படி வந்தது என்பது சொல்லப்படும் கதை. தமிழ்நாட்டில் முகத்துக்குப் போடும் எந்த க்ரீமையும் ‘ஸ்னோ’ என்றே சொன்ன ஒரு தலைமுறை இருந்தது. என் அத்தை இன்றைக்கும் அப்படித்தான் சொல்வார்.

மூன்றாவது, எண்ணெய்க்குள் தண்ணீர் வகை. 1911-இல் ஹாம்பர்க்கில் பெய்யர்ஸ்டார்ஃப் நிறுவனம் கொண்டுவந்த நீவியா இதன் முன்னோடி. ஐசக் லிஃப்ஷூட்ஸ் என்ற வேதியியலாளர் ஆட்டு உரோமக் கொழுப்பிலிருந்து யூசெரிட் என்ற எமல்சிஃபையரைப் பிரித்தெடுத்திருந்தார். எண்ணெய்க்குள் தண்ணீரைப் பிரியாமல் நிறுத்தி, ஆலையில் பெருமளவில் செய்யக்கூடிய க்ரீம் அதனால்தான் கைகூடியது. வெளியே எண்ணெய் இருப்பதால் தண்ணீரில் எளிதில் கழுவிப் போகாது, நன்றாக மூடும். ஊட்டிக் குளிருக்கு அருமை. சென்னையில் மே மாதம் பூசிக்கொண்டு பேருந்தில் ஏறினால் உங்களுக்கே உங்கள் மேல் கோபம் வரும்.

அதனால்தான் நம் கடற்கரை ஊர்களுக்கு ஜெல் க்ரீம்தான் தோது என்பது என் கருத்து. கார்போமர் என்ற தூளை 0.3 முதல் 0.5 சதவீதம் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு சொட்டுக் காரம் சேர்த்தால் கண்ணெதிரே கெட்டியாகும். அதில் 5 முதல் 8 சதவீதம் லேசான எண்ணெய். பூசினால் தண்ணீர் தெளித்ததுபோல இருக்கும். இதற்கு ஒரு பலவீனம் உண்டு: உப்பு ஆகாது. கார்போமர் ஜெல்லில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவிக் கலக்கிப் பாருங்கள், கஞ்சி தண்ணீராகிவிடும். வியர்த்த கையில் ஜெல் உடனே இளகி ஓடுவதும் இதனால்தான்.

பித்தவெடிப்பு க்ரீம் தனி ரகம். குதிகால் தோல் தடித்தது, அங்கே முகத்து க்ரீம் எடுபடாது. 10 முதல் 25 சதவீதம் யூரியா சேர்ப்பார்கள். குறைந்த அளவில் யூரியா ஈரத்தைப் பிடிக்கும். 20-ஐத் தாண்டினால் தடித்த தோலை இளக்கி உரிக்கத் தொடங்கும். உரக்கடை யூரியாவை வாங்கிப் போடலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. வேண்டாம். அது வேப்பெண்ணெய் பூசி வருவது, தூய்மையும் வேறு. காஸ்மெடிக் தர யூரியா தனியாகக் கிடைக்கிறது.

சன்ஸ்கிரீனைப் பற்றி ஒரே வார்த்தை: வீட்டில் செய்யாதீர்கள். ஜிங்க் ஆக்சைடை வாங்கிக் க்ரீமில் கலப்பது பெரிய காரியமில்லை. ஆனால் அது திப்பிதிப்பியாக நின்றால் நடுவில் வெயில் இறங்கும், கண்ணுக்குத் தெரியாது. வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் எஸ்பிஎஃப் எண்ணைப் பரிசோதனைக்கூடத்தில்தான் அளக்க முடியும்.

கடைசியாகச் சிவப்பழகு க்ரீம்கள். 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-இல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது எல்லோருக்கும் தெரியும். முறைப்படி வரும் இந்த ரகங்களில் வேலை செய்யும் பொருள் பெரும்பாலும் நியாசினமைடு, அதாவது வைட்டமின் பி3. 2 முதல் 5 சதவீதம் வரை போடுவார்கள். மெதுவாக, லேசாகத்தான் வேலை செய்யும். ஒரே வாரத்தில் பளிச்சென்று வெளுக்க வைக்கும் டப்பாதான் பயப்பட வேண்டியது. அதில் பாதரசமோ ஸ்டீராய்டோ இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பாதரசம் கறுப்பு நிறமி உண்டாவதைத் தடுக்கும், கூடவே சிறுநீரகத்தையும் கெடுக்கும். 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இப்படிச் சிறுநீரகம் பாதித்தவர்களை விசாரித்தபோது முகவரியில்லாத வெளுப்பு க்ரீம்கள்தான் கைக்கு வந்தன. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் மூன்று மருந்துக் கலவைக் களிம்பும் இதில் சேர்த்தி. அதில் இருப்பது ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின். தோல் மருத்துவர் சில வாரங்களுக்கு எழுதித் தருவதை வருஷக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, நிறுத்தினால் முகம் எரியும்.

ஒரு க்ரீம் செய்து பார்க்கலாம்

இனி கையில் எடுப்போம். இது தினசரி பூசும் சாதாரண மாய்ஸ்சரைசர், தண்ணீருக்குள் எண்ணெய் வகை. மொத்தம் 100 கிராம், அதனால் கிராமும் சதவீதமும் ஒன்றே.

தண்ணீர்ப் பகுதி:
டிஸ்டில்டு வாட்டர் 77.5
கிளிசரின் 4
சாந்தன் கம் 0.2
டைசோடியம் இடிடிஏ 0.1

எண்ணெய்ப் பகுதி:
கிளிசரைல் ஸ்டியரேட், பெக்-100 ஸ்டியரேட் கலவை 4.5
சீட்டைல் ஆல்கஹால் 2
லைட் லிக்விட் பாராஃபின் 5
தேங்காய் எண்ணெய் 4
டைமெத்திகோன் 1

ஆறிய பிறகு:
பினாக்ஸிஎத்தனால், எத்தில்ஹெக்சில்கிளிசரின் கலவை 1
வைட்டமின் இ 0.5
வாசனை 0.2

சீட்டைல் ஆல்கஹால் என்றதும் சாராயம் என்று நினைக்க வேண்டாம், அது மெழுகுபோன்ற வெள்ளைச் செதில். க்ரீமுக்கு உடம்பைத் தருவது அதுதான். இடிடிஏ தண்ணீரில் கரைந்திருக்கும் உலோக அயனிகளைக் கட்டிப்போடும், அதனால் எண்ணெய் சீக்கிரம் சிக்கெடுக்காது, கிருமி வளராமல் காக்கும் பிரிசர்வேடிவுக்கும் (பட்டியலில் பினாக்ஸிஎத்தனால் கலவை) துணை. தேங்காய் எண்ணெய் சிலருக்கு முகத்தில் பரு கிளப்பும். அப்படிப்பட்டவர்கள் அந்த 4 கிராமையும் லிக்விட் பாராஃபினாகவே போட்டுக்கொள்ளலாம். சென்னையில் பாரிமுனைப் பக்கத்துக் கெமிக்கல் கடைகளில் இவற்றில் பல கிடைக்கும். சில்லறை அளவுக்கு ஆன்லைன்தான் வசதி.

முதல் வேலை சுத்தம். பாத்திரம், கரண்டி, கையில் பிடித்து ஓட்டும் பிளெண்டரின் தலை, டப்பா, மூடி எல்லாவற்றையும் சோப்பு போட்டுக் கழுவி, உலர்த்தி, 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். அடுப்பு அணைந்திருக்கும்போது செய்யுங்கள், ஆல்கஹால் பட்டென்று பற்றும்.

அப்புறம் எடை. ஸ்பூன் கணக்கு இங்கே உதவாது. 0.01 கிராம் வரை காட்டும் சின்ன தராசு வேண்டும். தண்ணீரையும் எடைபோட்டுத்தான் எடுக்க வேண்டும்.

சாந்தன் கம்மைத் தண்ணீரில் நேராகக் கொட்டினால் கொதிக்கிற தண்ணீரில் ராகி மாவைக் கொட்டினதுபோலக் கட்டி தட்டும். முதலில் கிளிசரினில் போட்டுக் குழைத்து, அந்தக் குழம்பைத் தண்ணீரில் சேர்த்துக் கலக்குங்கள். இடிடிஏவையும் கரைத்துவிடுங்கள். இந்தப் பாத்திரத்தை இன்னொரு அகலப் பாத்திரத்துச் சுடுதண்ணீருக்குள் வைத்து 75 டிகிரிக்குக் கொண்டு வந்து, மூடி வைத்து 20 நிமிடம் அதே சூட்டில் நிறுத்துங்கள். கிருமிகளைக் குறைக்கத்தான் அந்த 20 நிமிடம். மூடி போட்டாலும் கொஞ்சம் ஆவியாகும். சூடாக்கும் முன் பாத்திரத்தோடு எடைபார்த்து எழுதி வையுங்கள். பின்னர் குறைந்த அளவுக்குச் சுடுதண்ணீர் விட்டு ஈடுகட்டுங்கள். போன தடவை நன்றாக வந்தது, இந்தத் தடவை கெட்டியாகிவிட்டது என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேர் தவறவிடுவது இதைத்தான்.

எண்ணெய்ப் பகுதியையும் தனிப் பாத்திரத்தில் அதே 75 டிகிரிக்குக் கொண்டு வாருங்கள். செதில் எல்லாம் உருகித் தெளிந்த எண்ணெயாக வேண்டும். இரண்டும் ஒரே சூட்டில் இருப்பது முக்கியம். தண்ணீர் ஆறிப்போயிருந்தால் மெழுகு தொட்ட இடத்திலேயே உறைந்து, ரவைபோல நின்றுவிடும்.

இப்போது எண்ணெயைத் தண்ணீரில் மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே கலக்குங்கள். 100 கிராம் என்பது பிளெண்டருக்குக் கொஞ்சம்தான், அகலப் பாத்திரத்தில் செய்தால் தலை மூழ்காமல் காற்றைக் குடிக்கும். உயரமான ஒடுங்கிய எவர்சில்வர் டம்ளர் நல்லது. பிளெண்டர் தலையை அடியில் பதித்து, ஓடும்போது மேலே தூக்காமல், இருபது வினாடி ஓட்டி, சற்று நிறுத்தி, மறுபடி ஓட்டுங்கள். இரண்டு மூன்று நிமிடம் போதும். ஊற்றிய சில நொடிகளிலேயே மஞ்சளாக நின்ற எண்ணெய் காணாமல்போய், டம்ளர் முழுக்க வெள்ளைவெளேரென்று ஆகிவிடும். எத்தனை தடவை செய்தாலும் அந்த இடத்தில் நான் ஒரு கணம் நின்று பார்ப்பேன். எண்ணெயும் வெள்ளையில்லை, தண்ணீரும் வெள்ளையில்லை. சின்னச் சின்னத் துளிகள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வந்த வெண்மை அது.

அந்தச் சமயத்தில் க்ரீம் தண்ணியாகத்தான் இருக்கும். பயந்து எதையும் கூடுதலாகப் போட்டுவிடாதீர்கள். பிளெண்டரை வைத்துவிட்டு, கரண்டியால் நிதானமாகக் கிளறிக்கொண்டே ஆறவிடுங்கள். 50 டிகிரிக்குக் கீழே வரும்போது கரண்டி போன தடம் தெரியத் தொடங்கும். முழுக் கெட்டித்தன்மை மறுநாள்தான் தெரியும்.

40 டிகிரிக்கு வந்ததும் பிரிசர்வேடிவ், வைட்டமின் இ, வாசனை. சூட்டில் போட்டால் வாசனை பறந்துவிடும். பிறகு பிஹெச், அதாவது அமில கார அளவு, பார்க்க வேண்டும். ஒரு பங்கு க்ரீமை ஒன்பது பங்கு டிஸ்டில்டு வாட்டரில் கலந்து, பிஹெச் தாளை நனைத்துப் பாருங்கள். தோலின் இயல்பு 5-ஐ ஒட்டி இருப்பதால் 5 முதல் 6-க்குள் வந்தால் நல்லது. மேலே இருந்தால் 10 சதவீத சிட்ரிக் ஆசிட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக.

நன்றாக ஆறிய பிறகுதான் டப்பாவில் போட்டு மூட வேண்டும். இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒருமுறை அவசரத்தில் வெதுவெதுப்பாக இருக்கும்போதே மூடிவிட்டேன். ஆவி மூடியின் உட்புறம் வியர்த்து, சொட்டி, க்ரீமின் மேல் ஒரு துளித் தண்ணீர் நின்றது. அந்தத் துளியில் பிரிசர்வேடிவ் இல்லை. மூன்றாவது வாரம் சரியாக அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் பூசணம்.

பிரிசர்வேடிவ் வேண்டாம் என்பவர்களுக்கு

தண்ணீர் இருக்கும் எதிலும் கிருமி வளரும். மாவு புளிப்பதைத் தினமும் பார்க்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் ‘கெமிக்கல் இல்லாத க்ரீம்’ கேட்பவர்கள் குறையவில்லை. நானும் ஒரு காலத்தில் தோட்டத்துக் கற்றாழையை வெட்டி, மஞ்சள் சேர்த்து, வைட்டமின் இ போட்டால் கெடாது என்று நம்பி ஒரு க்ரீம் செய்தேன். ஆறாம் நாள் மூடியைத் திறந்தால் புளித்த வாடை. வைட்டமின் இ எண்ணெய் சிக்கெடுப்பதைத்தான் தள்ளிப்போடும். பாக்டீரியாவை அது ஒன்றும் செய்யாது. வேப்பிலைச் சாறும் மஞ்சளும் க்ரீமில் நாம் போடும் அளவில் அந்த வேலைக்குப் போதாது, அவையே கிருமிக்குத் தீனியாகவும் ஆகலாம். பூசணம் கண்ணுக்குத் தெரிவதால் தூக்கிப் போட்டுவிடுவோம். சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் க்ரீமை வெள்ளையாகவே வைத்துக்கொண்டு பெருகும், ஆபத்து அங்கேதான்.

பினாக்ஸிஎத்தனாலுக்கு ஐரோப்பிய விதிகள் வைத்திருக்கும் உச்ச வரம்பு 1 சதவீதம். பொட்டாசியம் சார்பேட் வேண்டுமென்றால் பிஹெச் 5.5-க்குக் கீழே இருக்க வேண்டும், மேலே போனால் அது போட்டதும் போடாததும் ஒன்றே. பாராபென்னுக்கு இருக்கும் கெட்ட பெயர் அது செய்த தவறுக்கு மிஞ்சியது என்பது என் எண்ணம். ஐரோப்பாவில் மெத்தில், எத்தில் பாராபென்களை இன்றும் 0.4 சதவீதம் வரை அனுமதிக்கிறார்கள்.

தண்ணீரே இல்லாத களிம்பு செய்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. தேன்மெழுகு ஒரு பங்கு, எண்ணெய் நாலைந்து பங்கு, உருக்கி ஊற்றினால் முடிந்தது. ஈரக்கையை உள்ளே விடாமல் இருந்தால் சரி.

சரியாக வந்ததா என்று பார்ப்பது

மறுநாள் புறங்கையில் கொஞ்சம் எடுத்துத் தேயுங்கள். சோப்பு நுரைபோல வெள்ளைக் கோடு இழுத்தால் காற்று அதிகம் ஏறியிருக்கிறது, அல்லது சீட்டைல் ஆல்கஹால் கூடிவிட்டது. டைமெத்திகோன் சேர்ப்பதே இந்த வெள்ளைக் கோட்டைக் குறைக்கத்தான். தேய்த்ததும் உருண்டை உருண்டையாகத் திரிந்தால் கம் அதிகம். மேலே எண்ணெய் மினுங்கினால் எமல்சிஃபையர் போதவில்லை. நறநறவென்றிருந்தால் ஏதோ மெழுகு சரியாக உருகவில்லை, இல்லையென்றால் மிக வேகமாக ஆறவிட்டிருக்கிறீர்கள்.

பிறகு வதைக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் சரும க்ரீமுக்கு வைத்திருக்கும் ஐஎஸ் 6608, 45 டிகிரியில் 48 மணி நேரம் வைத்தும் எண்ணெய் பிரியக் கூடாது என்கிறது. தொழிற்கூடத்தில் அதற்கு ஓவன் உண்டு, க்ரீமை நிமிடத்துக்கு 3000 சுற்றில் சுழற்றிப் பிரிகிறதா என்று பார்க்கும் சென்ட்ரிஃபியூஜும் உண்டு. வீட்டில் ஒரு சின்ன டப்பாவை ராத்திரி ஃப்ரீசரிலும் பகலில் மொட்டைமாடி அறையிலுமாக மூன்று நாள் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்கு உறைந்து இளகும் சரக்கு என்பதால் அது இருக்கும் க்ரீமுக்கு இந்தச் சோதனை கட்டாயம். கோவையில் மார்கழியில் நன்றாக நின்றது திருச்சியில் சித்திரையில் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

முகத்துக்குப் போவதற்கு முன் முழங்கையின் உட்புறம் பூசி இரண்டு நாள் பார்ப்பது நீங்கள் செய்த க்ரீமுக்கும் பொருந்தும், வாங்கிய க்ரீமுக்கும் பொருந்தும்.

டப்பாவின் பின்பக்கம்

செய்யப் பிடிக்காவிட்டாலும் இதைக் கற்றுக்கொண்டால் காசு மிச்சம். பொருள் பட்டியலில் 1 சதவீதத்துக்கு மேலிருப்பவை அளவு வரிசையில் வரும், அதற்குக் கீழுள்ளவை எப்படி வேண்டுமானாலும் வரலாம். பட்டியலில் பினாக்ஸிஎத்தனால் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். அதை 1 சதவீதத்துக்கு மேல் போடமாட்டார்கள் என்பதால், அதற்குப் பின்னால் நிற்பவை எல்லாம் 1 சதவீதமோ அதற்கும் கீழோதான். டப்பா முகப்பில் பெரிதாக மின்னும் குங்குமப்பூ பெரும்பாலும் அதற்குப் பின்னால், வாசனைக்குப் பக்கத்தில் கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கும். பட்டியலே இல்லை, தயாரித்தவர் முகவரி இல்லை, லைசன்ஸ் எண் இல்லை என்றால் விலை எவ்வளவு இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள்.

விற்க நினைத்தால்

அக்கம்பக்கத்தில் நான்கு பேர் நன்றாக இருக்கிறது என்றதும் விற்கத் தோன்றும். இந்தியாவில் 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகள்படி விற்பனைக்குத் தயாரிக்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் லைசன்ஸ் வேண்டும். சமையலறையைக் காட்டி அதை வாங்க முடியாது. தனி இடம், தகுதியுள்ள ஆள், பரிசோதனை வசதி எல்லாம் கேட்பார்கள். சிறு பிராண்டுகள் பல, லைசன்ஸ் உள்ள வேறொருவரின் தொழிற்கூடத்தில் லோன் லைசன்ஸ் எடுத்துச் செய்கின்றன. தொடக்கத்துக்கு அது பரவாயில்லை, ஆனால் பேட்ச், அதாவது ஒரு தடவைக்கான சரக்கு, ஓடும்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

ஒவ்வொரு பேட்சிலும் ஒரு டப்பாவைத் திறக்காமல் தேதி எழுதி எடுத்து வையுங்கள். எட்டு மாதம் கழித்து யாராவது போன் செய்து, போன தடவை வாங்கியது நீர் விட்டுவிட்டது என்பார். அப்போது முதலில் திறந்து பார்க்க வேண்டியது அந்த டப்பாவைத்தான். அதுவும் நீர் விட்டிருந்தால் தப்பு உங்களுடையது. அது நன்றாக இருந்தால், டப்பாவை எங்கே வைத்திருந்தீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். பத்துக்கு ஏழு தடவை பதில் ஜன்னல் ஓரம் என்றோ, ஸ்கூட்டர் பெட்டி என்றோதான் வரும்.